படகு ஸ்டீரிங்கும் முனுசாமியின் வலக்கையும்

"இப்ப திருப்பிப் பாருங்கண்ணே" என்று படகின் பின்பக்கப் பலகைக்கு அடியிலிருந்து கத்தினேன்.

நான் மல்லாந்து படுத்திருந்தேன். முதுகுக்குக் கீழே டீசலும் அணைத் தண்ணீரும் கலந்த ஈரம். மூக்குக்கு ஒரு சாண் மேலே ஒரு சிலிண்டரும் அதன் இரும்புத் தண்டும். அந்தத் தண்டைச் சுக்கானோடு இணைத்திருந்த பின்னை அப்போதுதான் தட்டிக் கழற்றியிருந்தேன். சுக்கான் என்பது தண்ணீருக்குள் நின்றபடி படகைத் திருப்புகிற பலகை. அந்தப் பின் கழன்றதும் சுக்கானை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். மறுபேச்சில்லாமல் நகர்ந்தது.

முன்னால் ஸ்டீரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முனுசாமி. அந்தப் படகை ஓட்டுகிறவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அவர் மூச்சைப் பிடித்துத் திருப்புவது பலகை வழியாகவே எனக்குக் கேட்டது.

"இன்னும் டைட்டாத்தான் இருக்குது பாய்" என்றார்.  தலையை நீட்டிப் பார்த்தேன். சக்கரத்தை விட்டுவிட்டு, வலது கையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுக்கானைக் கழற்றிவிட்ட பிறகும் வெறும் சக்கரத்தைத் திருப்ப முடியவில்லை என்றால், தன் கை செத்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுக்கான் லேசாக இருக்கிறது, சக்கரம் இறுகியிருக்கிறது. அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் நடுவில், எண்ணெய் போகிற வழியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

பிரேக் பாய்

இந்தத் தொடரைப் படிக்கும் ஆரணி வாசகர் ஒருவர், 'பிரேக்கைத் தவிர வேறு எதையுமே தொட்டதில்லையா?' என்று கேட்டு எழுதியிருந்தார். தொட்டிருக்கிறேன் ஐயா. தொட்டுச் சூடும் பட்டிருக்கிறேன். இந்த வாரம் அந்தக் கதைதான்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கொட்டகையில் என் ஒர்க்ஷாப் இருந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பிரேக் வேலை மட்டும். ஊரில் என் பெயர் தெரிந்தவர்கள் கம்மி. எல்லோருக்கும் நான் பிரேக் பாய்.

எனக்கு வாய் ஜாஸ்தி. குறிப்பாக ஒரு விஷயத்தில் எவனையும் விடமாட்டேன். பிரேக் ஆயில் தீர்ந்துபோனால் சில டிரைவர்கள் அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். இரண்டும் எண்ணெய்தானே என்று நினைப்பு. பிரேக்குக்குள் இருக்கிற ரப்பருக்கு அந்த எண்ணெய் ஆகாது. ஊறி, உப்பி, சிலிண்டரையே அடைத்துக்கொள்ளும். அப்படி உப்பிய ரப்பர்களை ஒரு கம்பியில் கோத்து ஒர்க்ஷாப் வாசலில் தொங்கவிட்டிருந்தேன். எந்த ரப்பர் எந்த டிரைவருடையது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவ்வளவு திமிர்.

படகு வந்த கதை

எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் அணைக்கட்டு. அங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு கான்ட்ராக்டர் மோட்டார் படகு விட்டிருந்தார். அவர் அதற்கு முன்பு சொந்த லாரிகள் வைத்து, தானும் ஓட்டியவர். தோளும் கையும் பார்த்தால் இப்போதும் லாரியைத் தள்ளியே ஸ்டார்ட் பண்ணுவார் போலிருக்கும். ஏதோ துறைமுகத்தில் கழித்துப்போட்ட பழைய படகை வாங்கி வந்திருந்தார்.

அந்த வருஷம் ஆடியில் படகின் ஸ்டீரிங்கில் எண்ணெய் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். படகை நான் கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பம்பு. அதிலிருந்து இரண்டு செம்புக் குழாய்கள் பலகைக்கு அடியில் ஓடி, கடைசியில் அந்த சிலிண்டருக்குப் போகின்றன. சக்கரத்தை இடது பக்கம் சுற்றினால் ஒரு குழாயில் எண்ணெய் போகும், மறு குழாயில் திரும்பி வரும். தண்டு நகரும், சுக்கான் திரும்பும், இருபது பேர் உட்கார்ந்த படகு தலையைத் திருப்பும்.

நான் அதை எத்தனை தடவை சுற்றிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிரேக்கில் எண்ணெய் ஒரே ஒரு வேலைதான் செய்யும், நிறுத்தும். இங்கே அதே எண்ணெய் திருப்புகிறது. கரும்புக் காட்டையும் வேர்க்கடலைக் காட்டையும் பார்த்து வளர்ந்த எனக்கு, அவ்வளவு தண்ணீரின் நடுவே ஒரு கையளவு எண்ணெய் இவ்வளவு பெரிய உடம்பை ஆட்டிவைப்பது ஒரு கராமத்தாகவே, மகான்கள் காட்டுகிற அற்புதமாகவே தெரிந்தது.

ஒழுகிய குழாய் இணைப்பைப் பற்றவைத்தேன். பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். குழாய்க்குள் காற்று நின்றால் எண்ணெய் அழுத்தாது. காற்றை எடுத்தேன். சக்கரம் பூப்போலச் சுழன்றது. முனுசாமி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எண்ணெய் எது என்று யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற ஹைட்ராலிக் என்றால் எங்கள் ஊரில் பிரேக்தான், பிரேக் என்றால் பிரேக் ஆயில்தான்.

தேரன்று வந்த ஆள்

கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் முன்னால் பெரிய தேர். அன்றைக்கு ஊருக்குள் லாரி நுழையாது, எனக்கும் வேலை இருக்காது. ஒவ்வொரு வருஷமும் பேகோபுரத் தெரு முனையில் போய் நின்றுகொள்வேன். தேர் நேராக வருவதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனம் நிற்கும். நான் அது முனையில் திரும்புவதைப் பார்க்கிற ஆள். ஸ்டீரிங் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிற நாலைந்து பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து வைப்பார்கள். மரக்கட்டை நசுங்கி நார் நாராகப் பிய்யும். கோபுரம் மாதிரியான அந்த உடம்பு முனகிக்கொண்டே மெல்லத் திரும்பும்.  எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

அந்த வருஷம் நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது முனுசாமி வந்து நின்றார். அணையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அவர் சொன்னது இதுதான். நாலு மாசமாக ஸ்டீரிங் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வருகிறது. கான்ட்ராக்டர் ஒரு நாள் கரையிலேயே இரண்டு கையாலும் சுற்றிப் பார்த்துவிட்டு, லாரி ஸ்டீரிங்கைவிட இது லேசு, உன் கையில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டார். அதற்கு முந்தின வருஷம் முனுசாமி பாசியில் வழுக்கி விழுந்து வலது தோளில் எலும்பு விலகியிருந்தது. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுச் சரியாகியிருந்தது. சரியாகவில்லை போலிருக்கிறது என்று வீட்டிலும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார்.

"தீபம் முடிஞ்சா கூட்டம் அணைக்குத்தான் வரும். அதுக்குள்ள படகு ஓட்ட கடலூர்லேந்து வேற ஆளு வரப்போறாரு. ஒரே ஒரு தடவ நீங்க வந்து பாருங்க பாய். மெஷின் நல்லாத்தான் இருக்குதுன்னு நீங்க சொல்லிட்டா, நான் எறங்கிடறேன். இந்தக் கைய வெச்சுனு ஜனங்க உசுரோட வெளையாடக் கூடாது."

மெஷினை ஆடியில் நானேதானே பார்த்தேன், அதில் ஒன்றும் இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வாய்க்கு நாலு அறை கொடுத்திருக்க வேண்டும். ஏதோ நல்ல வேளை, அவர் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டேன். அந்த வருஷம் தேர் திரும்பியதை நான் பார்க்கவில்லை.

முதலை எந்தப் பக்கம்?

போய்ச் சேர்ந்தபோது பதினைந்து பேர் படகுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு சுற்று போய்விட்டு வந்து பிரித்துப் பார்க்கலாம் என்று நானும் ஏறி உட்கார்ந்தேன்.

படகு நேராகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்கு நடுவே ஒரு மண் திட்டு குறுக்கிட்டது. இடது பக்கம் திரும்ப வேண்டும். முனுசாமி சக்கரத்தில் தொங்காத குறையாக இழுத்தார். இழுத்துக்கொண்டே, "வலது பக்கம் பாருங்க, முதல" என்றார். எட்டுப் பேர் வலது பக்கம் பாய்ந்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு கட்டை மிதந்தது. இந்த அணையில் முதலை உண்டு என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை, ஒரு அம்மா கண்ணைக்கூடப் பார்த்ததாகச் சொன்னார்.

கொஞ்சம் தள்ளி வலது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. இந்தத் தடவை முதலை இடது பக்கம் வந்தது.

மூன்றாவது முதலையில் எனக்கு உறைத்தது. ஜனம் வலது பக்கம் போனால் படகு வலது பக்கம் சாய்கிறது. சாய்ந்த படகு தானாக இடது பக்கம் தலையைத் திருப்புகிறது. சக்கரத்தால் பாதி, ஜனங்களால் பாதி என்று மனிதர் நாலு மாதமாகப் படகை ஓட்டிக்கொண்டிருக்கிறார். எத்தனை பேர் எழுந்தால் போதும், எப்போது உட்காரச் சொல்ல வேண்டும், என்ஜினை எப்போது குறைக்க வேண்டும், எல்லாம் கணக்கு. கரைக்கு வந்தபோது படகு துறைப் பலகையை ஓசையில்லாமல் தொட்டு நின்றது.

என் ஆயுளில் எத்தனையோ டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. எழுந்து நின்று சலாம் போட வேண்டும் போலிருந்தது. இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் ஏதோ திருட்டில் பிடிபட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"கை போனவன் வேற இன்னாங்க பண்றது" என்றார்.

ஊறிய ரப்பர்

அதற்குப் பிறகுதான் நான் பலகைக்கு அடியில் மல்லாந்தது, பின்னைக் கழற்றியது, அவர் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது எல்லாம்.

அவரைப் பின்னால் வரச் சொல்லி, சுக்கானை அவர் வலது கையாலேயே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். நகர்ந்தது. அவர் நம்பவில்லை. சக்கரம்தானே என் கைக்கு வரவில்லை, இதைக் குழந்தைகூடத் தள்ளும் என்றார். நியாயம்தான்.

குழாய்கள் எங்கேயாவது நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனேன். இல்லை. உள்ளே காற்று புகுந்திருந்தால் சக்கரம் தொளதொளவென்று சுற்றும், இறுகாது. ஆகவே அதுவும் இல்லை. மிச்சமிருந்தது சிலிண்டர். கழற்றிக் கரைக்கு எடுத்துவந்து, ஒரு சாக்கை விரித்து, மூடியைத் திறந்தேன். தண்டு வர மறுத்தது. சுத்தியலால் தட்டித்தான் இழுத்தேன்.

ரப்பர்கள் வெளியே வந்தன. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தன. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

எனக்கு ஒரு வினாடியில் எல்லாம் விளங்கிவிட்டது. என் ஒர்க்ஷாப் வாசலில் தொங்குவது இதே சரக்குத்தான். அங்கே பிரேக் ரப்பரில் என்ஜின் ஆயில் பட்டு உப்பியது. இந்த ஸ்டீரிங்கின் ரப்பரோ டிராக்டர் ஹைட்ராலிக்கில் போடுகிற ரப்பர் ஜாதி, அதற்கு என்ஜின் ஆயில் வகையறா எண்ணெய்தான் பழக்கம், பிரேக் ஆயில்தான் விஷம். நான் விஷத்தை ஊற்றி, காற்றையும் பதமாக எடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்குப் பூப்போலச் சுழன்றது, அப்புறம் நாளுக்கு நாள் ரப்பர் ஊறி, சக்கரம் இறுகி, ஒரு மனிதர் தன் கையையே வெறுத்துவிட்டார்.

உள்ளங்கையில் ரப்பரோடு உட்கார்ந்திருந்தேன். காது சூடாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்டர் வந்தார். மெஷினில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். முனுசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரப்பர் போயிடுச்சு. பழசு" என்றேன்.

முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரப்பர் போனது உண்மை, படகு பழசு என்பதும் உண்மை. முனுசாமியின் வேலையும் தப்பிக்கும், என் பெயரும் தப்பிக்கும் என்று மனசு சட்டென்று ஒரு வழி பண்ணிவிட்டது.

கான்ட்ராக்டர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார். "பழசுன்னா போன வருஷமும் பழசுதானே பாய். போன வருஷம் ஓட்டினாரு, இந்த வருஷம் முடியல. அப்ப கைதான காரணம்? நீங்க ரப்பர மாத்திக் குடுங்க. கடலூர் ஆளு ஓட்டட்டும். முனுசாமி டிக்கெட் கிழிச்சுனு கரையில இருக்கட்டும்."

முனுசாமி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. முதலையைக் காட்டிப் படகைத் திருப்பிய அந்த மூளை, தன் விஷயத்தில் மட்டும் அடுத்தவன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

"ரப்பர் பழசால உப்பல" என்றேன். "ஆடி மாசம் நான் ஊத்தின எண்ணெயால உப்பியிருக்குது. இதுக்கு ஊத்தக் கூடாத எண்ணெய். அவரு கை இல்லீங்க, ஸ்டீரிங்க இறுக்கினது நான்தான்."

கான்ட்ராக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வாசலில் தொங்கும் ரப்பர் மாலையில் அவருடைய பழைய லாரி டிரைவரின் ரப்பரும் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கிழிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கிழிக்கவில்லை. சக்கரம் எப்போது சரியாகும் என்று மட்டும் கேட்டார். தீபத்தன்றைக்கு என்றேன். அப்படியானால் கடலூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனார்.

முனுசாமி மட்டும் நின்றார். திட்டட்டும் என்று நானும் நின்றேன். நாலு மாதம் அவரை முடமாக்கி வைத்தவன் நான். அவர் எண்ணெயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்குதுங்களா பாய்?" என்றார்.

நான் வைத்தியன் இல்லை, பிரேக் மெக்கானிக். ஆனாலும் எழுந்து போய் அவர் வலது தோளைப் பிடித்துப் பார்த்தேன். கையைத் தூக்கச் சொன்னேன், மடக்கச் சொன்னேன். சக்கரத்தோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அந்தக் கை இறுகி உருண்டிருந்தது. என்னுடையதைவிட இரண்டு பங்கு.

"நல்லா இருக்குதுண்ணே" என்றேன்.  அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

தீபத்தன்று

ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் அப்போது கலெக்டர் ஆபீஸ் எல்லாம் கிடையாது. சாலையோரம் ஒரு டிராக்டர் ஒர்க்ஷாப் இருந்தது. அந்த மெக்கானிக்கிடம் உப்பிய ரப்பரையும் சிலிண்டரையும் காட்டி, டிராக்டர் ஹைட்ராலிக்கில் போடுகிற ரப்பரில் அதற்குப் பொருந்துவதைக் கேட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். பிரேக் பாயே இப்படிப் பண்ணலாமா என்று அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. கேட்டுக்கொண்டேன்.

தீபத்தன்று காலையில் அணைக்குப் போனேன். குழாய்களில் ஒரு சொட்டுப் பழைய எண்ணெய் இல்லாமல் கழுவினேன். பம்பில் இருந்த ரப்பரையும் மாற்றினேன். சிலிண்டரை மாட்டி, சரியான எண்ணெயை ஊற்றினேன். முனுசாமி சக்கரத்தை மெல்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்ற, நான் பின்னால் இருந்து குமிழ் குமிழாகக் காற்றை எடுத்தேன். குமிழ் நின்றது. "இப்ப?" என்றேன்.  எட்டிப் பார்த்தேன். இரண்டு விரலால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார், நிறுத்துகிற எண்ணமே இல்லாமல்.

நாங்கள் இருவர் மட்டும் ஒரு சுற்று போனோம். ஆள் இல்லாத அணை. திட்டை நெருங்கியதும் படகு வளைந்தது, அதன் பின்னால் தண்ணீரும் ஒரு பெரிய வளைவாக விரிந்து வந்தது. பலகைக்கு அடியில் அந்தக் கையளவு எண்ணெய் போய் வந்துகொண்டிருப்பதை நினைத்துக்கொண்டேன். நான் செய்த தப்பை மன்னித்துவிட்டு அது தன் வேலையைப் பார்க்கிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது, காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

துறைக்குத் திரும்பியதும் அவர் முதலில் கரையில் குதித்தார். கயிற்றை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். ஒற்றைக் கையால் இழுத்தார். நானும் என்ஜினும் உட்கார்ந்திருந்த அவ்வளவு பெரிய படகு அப்படியே அவரிடம் போய் நின்றது. நான் வாய் பிளந்துவிட்டேன். ஒரே கையிலா இழுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தண்ணியில மெதக்கறத யாரு இழுத்தாலும் வரும் பாய்."

முளையில் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாலு மாசமா எடக்கையாலதான் இழுத்துனு இருந்தேன்."